பேசிக் மொழியின் மாதிரிச் செய்நிரல்கள்: ஒரு வரலாற்று நோக்கு

இலக்கணம் பயில்வோர் விதிகளை மறந்துவிடினும் உதாரணங்களை எளிதில் மறப்பதில்லை. யாப்பருங்கல விருத்தி போன்ற உரைகளில் மேற்கோளாகக் காட்டப்பட்டமையினாலேயே வேறெங்கும் கிடையாத செய்யுள்கள் பல இன்று நமக்குக் கிடைக்கின்றன. விதியை விளக்க வந்த உதாரணம் காலப்போக்கில் விதியிலும் பார்க்கப் பெறுமதி வாய்ந்த வரலாற்றுச் சான்றாகிவிடுவதுண்டு. மனிதர் பேசும் மொழிகளுக்குரிய இவ்வியல்பு கணனிக்கென ஆக்கப்பட்ட மொழிகளிலும் காணப்படுகின்றது. 1970களின் பிற்பகுதியிலும் 1980களிலும் மேலைநாடுகளில் வீட்டுக் கணனிகளுடன் வழங்கப்பட்ட கைந்நூல்களில் பேசிக் என்னும் மொழியிலமைந்த மாதிரிச் செய்நிரல்கள் இடம்பெற்றன. இன்று அக்கணனிகள் நூதனசாலைப் பொருள்கள். ஆயினும், அம்மாதிரிகள் யாரால் ஆக்கப்பட்டன, எவ்வாறு கைமாறின, கைமாறும்பொழுது எவற்றை இழந்தன என்பன ஆராயத்தக்கவை. அவற்றுள் இரண்டின் வமிசாவளியைச் சிறப்பாக நோக்குவதே இக்கட்டுரையின் எல்லை.

பேசிக் மொழி ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்ஷயர் மாநிலத்திலுள்ள டாட்மத் கல்லூரியிற் பிறந்தது. அதனை ஆக்கிய ஜோன் கெமனி, தோமஸ் கேர்ட்ஸ் ஆகிய இருவரும் கணிதப் பேராசிரியர்கள். கெமனி 1926 இல் புடாபெஸ்ற் நகரிற் பிறந்து, 1940 இல் குடும்பத்துடன் அமெரிக்காவை அடைந்தவர். பிரின்ஸ்ரனில் ஐன்ஸ்ரைனுக்கு உதவியாளராகவும் இருந்தவர். 1964 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆம் திகதி அதிகாலை 4 மணியளவில் இம்மொழியின் முதற் செய்நிரல்கள் இயங்கின. அக்காலத்திற் கணனியைப் பயன்படுத்த விரும்புவோர் துளையிட்ட அட்டைகளை நிலையத்திற் கையளித்துவிட்டு விடைக்குக் காத்திருத்தல் வேண்டும். ஒரு காற்புள்ளி தவறினும் அடுத்த நாளே அது தெரியவரும். டாட்மத் முறையிலோ பலர் ஒரே வேளையிற் தொலைத்தட்டச்சுப் பொறிகளின் முன்னமர்ந்து ஒரே கணனியைப் பகிர்ந்துகொண்டனர். மொழியின் முதற் பதிப்பில் 14 கூற்று வகைகளே இருந்தன. அறிவியல் பயிலாத மாணவருக்கும் கணனி எட்டவேண்டும் என்பது ஆக்கியோரின் கொள்கை. அவர்கள் மொழிக்குத் தனியுரிமை கோரவுமில்லை. இத்தாராள மனப்பான்மையே மொழி பரவுவதற்கும், பின்னர் அது சிதறுவதற்கும் காரணமாயிற்று.

சிதறிய வரலாறு 1975 இல் தொடங்குகின்றது. அவ்வாண்டு அல்ரெயர் என்னும் சிறு கணனிக்கெனப் பில் கேற்ஸ், போல் அலன், மொன்ரி டேவிடொவ் ஆகியோர் 4 கிலோபைற் நினைவகத்துள் அடங்கும் ஒரு பேசிக்கை எழுதினர். 1977 இல் அப்பிள், கொமடோர், ரான்டி ஆகிய நிறுவனங்கள் தத்தம் கணனிகளை விற்பனைக்கு விட்டன. பிரித்தானியாவிலே சின்கிளயர் நிறுவனம் 1980 இல் செட்எக்ஸ் 80, 1981 இல் செட்எக்ஸ் 81, 1982 ஏப்பிரலில் ஸ்பெக்ட்ரம் ஆகியவற்றை வெளியிட்டது. ஏகோர்ண் நிறுவனம் பிரித்தானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கணனி அறிவுத் திட்டத்துக்கென ஆக்கிய பிபிசி மைக்ரோ 1981 டிசம்பரில் வெளிவந்தது. ஒவ்வொன்றும் தனக்கெனத் தனியொரு பேசிக்கைக் கொண்டிருந்தது. நினைவகத்தின் விலை, திரையை அமைக்கும் முறை, ஒலி எழுப்பும் முறை ஆகியன வேறுபட்டமையால் மொழியும் வேறுபட்டது. செட்எக்ஸ் 81 இன் நினைவகம் 1 கிலோபைற் மாத்திரமே. செய்நிரலும் திரையில் தோன்றும் எழுத்துக்களும் அவ்வோரிடத்தையே பங்கிட்டுக்கொண்டன. இத்தகைய நெருக்கடியில் வளர்ந்த மொழி டாட்மத் மூலத்தை ஒத்திருக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை. கெமனியும் கேர்ட்ஸும் பிற்காலத்தில் இவற்றைத் தெருவழக்குப் பேசிக் என்று இகழ்ந்து, 1980களின் நடுப்பகுதியில் மெய்ப் பேசிக் என்னும் பொருள்படும் பெயருடன் செம்மை செய்த ஒரு வடிவத்தை வெளியிட்டனர். தெருவினர் அதைப் பெரிதும் பொருட்படுத்தவில்லை. செந்தமிழ், கொடுந்தமிழ் விவகாரங்களை அறிந்த நமக்கு இது புதுமையன்று.

கிளைமொழிகளுக்கிடையிலான வேறுபாடு சொல்லளவில் நின்றிருப்பின் பாதகமில்லை. ஒரே சொல் வெவ்வேறு பொருள் தந்தமையே இடர்ப்பாடு. ஆர்.என்.டி. என்பது எழுமாற்றாக ஓர் எண்ணைத் தரும் சார்பு. மைக்ரோசொவ்ற் வழக்கில் அதனோடு அடைப்புக்குள் 1 என எழுதினால் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடைப்பட்ட பின்னம் கிடைக்கும். சின்கிளயர் வழக்கில் அடைப்பே வேண்டியதில்லை. பிபிசி வழக்கில் அடைப்புக்குள் 6 என இட்டால் 1 முதல் 6 வரையான முழுவெண் ஒன்று தாயக்கட்டை உருட்டியதுபோல வந்துவிடும். இதனிலும் நுட்பமான வேறுபாடு ஒன்றுண்டு. ஒரு கூற்று மெய்யாயின் சின்கிளயர் கணனி அதன் பெறுமானத்தை 1 எனக் கொள்ளும். மைக்ரோசொவ்ற், பிபிசி வழக்குகள் −1 எனக் கொள்ளும். சின்கிளயர் செய்நிரல் ஒன்றிற் பொம்மையை வலப்புறம் நகர்த்துவதற்காக, விசை அழுத்தப்பட்டதா என்னும் வினாவின் விடையையே நிலையெண்ணோடு கூட்டுவது வழக்கம். அதை மாற்றமின்றிப் பிபிசி கணனியில் எழுதினால் பொம்மை இடப்புறம் ஓடும். கணனி பிழையென்று எதனையுங் கூறாது. இலக்கணப் பிழையற்ற பொருட்பிழை இதுவாகும்.

இனி மாதிரிகளுக்கு வருவோம். அவை கைந்நூல்களுக்கு முன்னரே தொகுப்பு நூலாக வெளிவந்துவிட்டன. டிஜிற்றல் எக்குவிப்மன்ற் நிறுவனத்திற் பணியாற்றிய டேவிட் ஆல் 1973 இல் 101 பேசிக் கணனி விளையாட்டுக்களை ஒரு நூலாகத் தொகுத்தார். 1978 இல் நுண்கணனிகளுக்கேற்பத் திருத்தி வெளியிட்ட பதிப்பு பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்பனையான முதற் கணனி நூல் எனப்படுகின்றது. பாடசாலை மாணவரும் ஆசிரியரும் பொறியியலாளரும் எழுதியவற்றைத் திரட்டிய தொகை நூல் இது. நமது தொகை நூல்களைப் போலவே இதிலும் சிலவற்றின் ஆசிரியர் பெயர் உண்டு. சிலவற்றின் பெயர் இல்லை.

அத்தொகுப்பிலுள்ள செய்நிரல்களுள் ஒன்று விலங்கு என்பது. விளையாடுபவர் ஒரு விலங்கை மனத்தில் நினைத்துக்கொள்ள, கணனி ஆம், இல்லை என விடைகூறத்தக்க வினாக்களைக் கேட்டு அதைக் கண்டுபிடிக்க முயலும். தோற்றால், நினைத்த விலங்கின் பெயரையும் அதனைப் பிறவற்றிலிருந்து வேறுபடுத்தும் வினாவொன்றையும் கேட்டுத் தன் அறிவிற் சேர்த்துக்கொள்ளும். இதன் மூலவடிவத்தை டாட்மத் கல்லூரியில் ஆதர் லூர்மன் ஆக்கினார்; பின்னர் பிறர் அதைச் சுருக்கினர். ஆலின் நூலில் உள்ள வடிவம் ஒரே வினாவுடனும் இரு விலங்குகளுடனும் தொடங்குகின்றது: அது நீந்துமா? ஆம் எனின் மீன், இல்லையெனின் பறவை.

1982 இல் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் கைந்நூலின் பின்னிணைப்பொன்றில் இச்செய்நிரலின் வழித்தோன்றலைக் காண்கின்றோம். கைந்நூலை எழுதியவர் ஸ்ரீவ் விக்கர்ஸ். அவ்வழக்கின் இலக்கணத்தை வகுத்தவர்களுள் முதன்மையானவரும் அவரே. பின்னாளில் கணித தருக்கத்தில் ஆய்வு செய்யும் பல்கலைக்கழக ஆசிரியரானார். இலக்கணம் வகுத்தவரே உரையும் எழுதி உதாரணமும் காட்டுவது எங்கும் அரிது. இங்கு அது நிகழ்ந்தமையால் கைந்நூல் இன்றும் வாசிக்கத்தக்கதாய் இருக்கின்றது. அப்பின்னிணைப்பிலுள்ள மாதிரிகள் சில: திகதியைக் கூறினாற் கிழமையைக் கூறுவது, யார், அடி, அங்குலக் கணக்கைச் சரிசெய்வது, நாணயம் சுண்டிச் சீனரின் ஐ-சிங் குறிகளை வரைவது, பிரித்தானியக் கொடியை வரைவது, ஒருவர் தரும் சொல்லை மற்றவர் எழுத்தெழுத்தாக ஊகிப்பது. ஐ-சிங் செய்நிரல் குறிகளைத் தலைகீழாகவே வரைகின்றது என்பதைக் கைந்நூலே ஒப்புக்கொண்டு, அதைப் பெரிதுபடுத்தவேண்டாம் எனப் பொருள்படக் கூறிச் செல்கின்றது. அக்காலக் கைந்நூல்களின் குரல் இத்தகையது. இன்றைய உற்பத்தி நிறுவனம் எதுவும் இவ்வாறு எழுதத் துணியாது.

விலங்கு விளையாட்டு இப்பின்னிணைப்பில் அழுங்குகள் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயருடன் வருகின்றது. எறும்பு தின்னும் செதிளுடைய அவ்விலங்கினம் நம் நாட்டுக் காடுகளிலும் வாழ்வதே. இங்கு கணனி மூன்று வினாக்களையும் நான்கு விடைகளையும் அறிந்துள்ளது. அது கடலில் வாழ்வதா? ஆம் எனில் திமிங்கிலம். இல்லையெனில், செதிளுடையதா? இல்லையெனில் பிளமாஞ், அதாவது பாலினாற் செய்யும் ஓர் இனிப்புக்களி. செதிளுடையதாயின், எறும்பைத் தின்பதா? ஆம் எனில் அழுங்கு, இல்லையெனில் எறும்பு. இனிப்புக்களியை விலங்காக்கியது ஆங்கிலேயரின் நகை. எறும்புக்குச் செதிள் வந்த விதமோ ஆசிரியருக்கே வெளிச்சம்.

இரு வடிவங்களையும் பாடபேதம் நோக்கும் முறையில் ஒப்பிடுவோமாயின் கிளைமொழி எவ்வாறு செய்நிரலின் உள்ளமைப்பையே மாற்றுகின்றது என்பது புலனாகும். ஆலின் வடிவில் ஒவ்வொரு வினாவும் ஒரே எழுத்துச் சரம். ஆம் எனில் எங்கே செல்வது, இல்லையெனில் எங்கே செல்வது என்னும் எண்களும் சாய்கோடுகளால் பிரிக்கப்பட்டு அச்சரத்துக்குள்ளேயே பொதியப்பட்டிருக்கும். அவற்றைப் பிரித்தெடுக்க இடது, நடு, வலது எனச் சரத்தை நறுக்கும் மூன்று சார்புகளை மைக்ரோசொவ்ற் வழக்கு தருகின்றது. சின்கிளயர் வழக்கில் அம்மூன்றும் இல்லை. மேலும், அங்கு சர அணியின் ஒவ்வோர் உறுப்பும் ஒரே நீளமுடையதாதல் வேண்டும். எனவே விக்கர்ஸ் 100 வரிகளும் வரிக்கு 50 எழுத்துக்களும் கொண்ட அட்டவணை ஒன்றில் வினாக்களை இட்டு, வழிகாட்டும் எண்களை வேறோர் எண்ணணியில் வைத்தார். குறுகிய வினாவொன்றை அச்சிட்டால் எஞ்சிய இடமெல்லாம் வெற்றிடமாகத் தொங்குமாதலால் அதை நீக்குவதற்கென ஒரு துணைச் செய்நிரலும் தேவைப்பட்டது. நினைவகம் வீணாகின்றது, ஆனால் அமைப்புத் தெளிவாகின்றது. கிளைவிடும் மரம் என்னும் எண்ணக்கருவை முதன்முறை சந்திக்கும் மாணவனுக்கு இரண்டாவது வடிவமே எளிது என்பது எமது கருத்து.

இன்னொரு வேறுபாடு இதனிலும் முக்கியமானது. சின்கிளயர் கணனியில் ஒரு செய்நிரலை ஒலிநாடாவிற் பதியும்பொழுது அதன் மாறிகளும் அவற்றின் பெறுமானங்களும் கூடவே பதியப்படும். மைக்ரோசொவ்ற், பிபிசி வழக்குகளிலோ செய்நிரலின் வரிகள் மட்டுமே பதியும். ஆகவே ஸ்பெக்ட்ரம் வைத்திருந்த ஒரு சிறுவன் மாலை முழுதும் கணனிக்குக் கற்பித்த விலங்குகள், நாடாவில் நிலைபெற்று மறுநாள் மீளவரக்கூடியனவாய் இருந்தன. ஆயினும் மீளத் தொடங்கும்பொழுது ரன் என்னும் ஆணையை இடலாகாது. இட்டால் மாறிகள் யாவும் அழிந்து, திமிங்கிலமும் இனிப்புக்களியுமே எஞ்சும். கோரூ ஆணையினால் உரிய வரியிற் தொடங்குதல் வேண்டும். இந்த நுணுக்கத்தை அறியாது ஒரு மாலை உழைப்பை இழந்தவர் விதியைப் பின்னர் மறந்திருக்கமாட்டார்.

இரண்டாவது வமிசாவளி இதனிலும் நீண்டது. ஒரு பெண்ணிலிருந்து தொடங்குவது. நியூயோர்க் மாநிலத்தில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்த மேபல் அடிஸ், 1964 முதல் 1966 வரையான காலத்தில், ஐ.பி.எம். நிறுவனத்தின் வில்லியம் மக்கேயுடன் இணைந்து சுமேரிய விளையாட்டு என்பதை உருவாக்கினார். பண்டைய லகாஷ் நகரின் ஆட்சியாளராகத் தம்மைப் பாவனை செய்து, தானியத்தில் எவ்வளவை உண்பதற்கு, எவ்வளவை விதைப்பதற்கு, எவ்வளவைச் சேமிப்பதற்கு என ஆறாம் வகுப்பு மாணவர் முடிவு செய்தனர். பொருளியலைப் பாடமாக அன்றி அனுபவமாகக் கற்பிக்கும் முயற்சி இது. 1968 இல் டக் டைமன்ட் என்பார், இவ்விளையாட்டைத் தாம் காணாது, கண்ட ஒருவர் கூறக்கேட்டு, போக்கல் என்னும் சிறுமொழியில் மிகச் சுருங்கிய வடிவமொன்றை எழுதினார். அதனை ஆல் பேசிக்குக்கு மாற்றித் தமது தொகுப்பிற் சேர்த்தார். ஒரு மகரம் குறைந்த ஹமுராபி என்னும் பெயரில் அது உலகெங்கும் பரவியது.

இம்மாற்றங்களின்போது வரலாறு அடைந்த சேதம் சிறிதன்று. ஹம்முராபி கி.மு. 18 ஆம் நூற்றாண்டில் ஆண்ட பாபிலோனிய மன்னன். சுமேரிய நகர அரசுகளின் காலம் அதற்கு முன்னரே முடிந்துவிட்டது. விளையாட்டோ அவனைச் சுமேரியாவின் அரசனாக்கி 10 ஆண்டு ஆளவைக்கின்றது. 100 மக்கள், 1000 ஏக்கர் நிலம், 2800 புசல் தானியம் என்பவற்றுடன் ஆட்சி தொடங்கும். ஓர் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20 புசல் உணவு. ஒருவர் 10 ஏக்கர் வரை பயிரிடலாம். நிலத்தின் விலை ஆண்டுதோறும் மாறும். எலி தானியத்தைத் தின்னும். கொள்ளைநோய் வந்தால் மக்கட்டொகை பாதியாகும். ஓர் ஆண்டில் மக்களில் 45 வீதத்துக்கு மேற்பட்டோர் பட்டினியால் இறந்தால் அரசன் துரத்தப்படுவான். அடிஸ் ஆசிரியையாக எழுதியிருந்த கதையும் விளக்கமும் போய், எண்கள் மாத்திரம் எஞ்சின. அவரது பெயரும் உடன் போயிற்று. ஆலின் தொகுப்பில் அது இல்லை. 2004 இல் அவர் மறைந்த பின்னரே அவரது பணி பரவலாக மீள அறியப்பட்டது. 2023 இல் விளையாட்டு ஆக்குநரின் முன்னோடி விருது அவருக்கு மறைவின் பின் வழங்கப்பட்டது. ஏடெழுதுவோர் நூலைக் காத்து நூலாசிரியரைத் தொலைப்பது புதிதல்லவெனினும், முழு எழுத்துச் சான்றும் கிடைக்கும் நமது நூற்றாண்டிலேயே, முப்பது நாற்பது ஆண்டுக்குள் இவ்வாறு நிகழ்ந்தமை கவனிக்கத்தக்கது.

பிபிசி மைக்ரோவுடன் வழங்கப்பட்ட வரவேற்பு நாடாவில் இப்பரம்பரையின் அடுத்த தலைமுறையைக் காணலாம். மஞ்சள் நதி இராச்சியம் என்னும் அச்செய்நிரலிற் களம் சீனாவுக்கு மாறுகின்றது. ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிகின்றது. மக்களை அணை காக்கவும், வயலில் உழைக்கவும், கள்வரிடமிருந்து கிராமங்களைப் பாதுகாக்கவும் பகிர்ந்தளித்தல் வேண்டும். வெள்ளம் திரையில் வரையப்பட்டுக் கண்முன் பெருகும். தொலைத்தட்டச்சுத் தாளில் எண்களாக மட்டும் இருந்த பஞ்சம் இங்கே படமாயிற்று. செய்நிரல் பேசிக் மொழியிலேயே இருந்தமையால், விரும்பியவர் அதை நிறுத்தி வரிகளைத் திரையில் இட்டு வாசிக்கவும், கள்வரின் தொகையைத் தமக்கேற்பக் குறைக்கவும் கூடியதாயிருந்தது.

கைந்நூலுக்கு வெளியே, சஞ்சிகைகள் மாதந்தோறும் செய்நிரல்களை அச்சிட்டன. வாசகர் அவற்றை வரிவரியாகத் தட்டச்சிடுவர். அச்சிற் பூச்சியமும் ஓ என்னும் எழுத்தும், ஒன்றும் எல் என்னும் எழுத்தும் மயங்கின. ஏட்டுச் சுவடியிற் புள்ளியின்மையால் எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் மயங்கியதை நினைவூட்டுவது இது. சின்கிளயர் கணனியில் ஒரு விசையை அழுத்தினால் ஆணைச்சொல் முழுதும் வந்துவிடுவதாலும், பிழையான வரியைக் கணனி ஏற்க மறுப்பதாலும் இடர் ஓரளவு குறைந்தது. அமெரிக்காவிற் கொம்பியூற் என்னும் சஞ்சிகை 1983 இல் ஒரு சரவைச் செய்நிரலை வெளியிட்டது. தட்டச்சிட்ட வரிக்கு ஒரு சோதனை எண்ணை அது கணித்துக்காட்டும், வாசகர் அதை அச்சிலுள்ள எண்ணுடன் ஒப்பிடுவர். எழுத்துக்கள் இடம்மாறிய பிழையை அதன் முதல் வடிவம் கண்டுபிடிக்கவில்லை. 1986 இல் அது திருத்தப்பட்டது. பிரித்தானியாவில் அஸ்போண் பதிப்பகம் சிறுவர்க்கு வெளியிட்ட நூல்களில் ஒரே செய்நிரலின் ஓரத்திற் கணனிக்கொரு குறியீடு இட்டு, எந்த வரியை எந்தக் கணனிக்கு எவ்வாறு மாற்றுவதெனக் காட்டினர். 1984 முதல் வெளிவந்த இன்புற் என்னும் 52 இதழ்த் தொடரும் ஸ்பெக்ட்ரம், கொமடோர், பிபிசி வடிவங்களை அருகருகே தந்தது. பாடபேதங்களுடன் கூடிய செம்பதிப்பு என இவற்றைக் கூறின் மிகையாகாது.

இவற்றாற் பயன் விளைந்ததா என்பது விவாதத்துக்குரியது. ஒல்லாந்தக் கணனியறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, பேசிக்கை முதலிற் பயின்ற மாணவரின் சிந்தனை திருத்தமுடியாதவாறு ஊனமடைகின்றது என 1975 இலேயே கடுமையாகச் சாடினார். வரி எண்களைக் குறித்து அங்குமிங்கும் தாவும் கோரூ ஆணையே அவரது வெறுப்புக்கு முக்கிய இலக்கு. அன்றைய பேசிக்குகளைப் பொறுத்தவரை இதில் உண்மையுண்டு. ஹமுராபியின் வரிகளைப் பின்தொடர்வோர் ஆற்றில் இறங்கியவர் போல அலைக்கழிக்கப்படுவர். ஆனால் 1981 இல் சோபி வில்சன் ஆக்கிய பிபிசி பேசிக், பெயரிட்ட செயன்முறைகளையும் திரும்பச் செய்தற்குரிய தெளிவான கட்டமைப்பையும் தந்து குற்றச்சாட்டின் பெரும்பகுதிக்கு விடையளித்தது. மறுபுறம், வீட்டுக் கணனி வாங்கிய பிள்ளைகள் யாவரும் செய்நிரல் எழுதினர் என இன்று சிலர் ஏக்கத்தோடு எழுதுவதையும் ஏற்பதற்கில்லை. விலைக்கு வாங்கிய விளையாட்டு நாடாக்களே பலரது மாலைப்பொழுதை நிரப்பின. மாதிரிகளைத் தட்டச்சிட்டோரிலும் பலர் பொருளறியாது பிரதிசெய்தவரே. எனினும் பிரதிசெய்து, பிழை கண்டு, பிழையைத் தேடும் பொருட்டு வரிகளை மீண்டும் வாசிக்க நேர்ந்த பொழுது கற்றல் நிகழ்ந்தது. அதாவது மாதிரியின் பயன் அது இயங்கியதில் அன்று, இயங்க மறுத்ததிலேயே பெரிதும் தங்கியிருந்தது. அக்கணனிகள், மின்னூட்டியவுடன் வேறெதனையுங் காட்டாது செய்நிரல் எழுதும் திரையையே காட்டியமை இதற்கு இன்றியமையாத சூழலாகும்.

1990களில் அச்சூழல் மறைந்தது. பிரித்தானியப் பாடசாலைகளிற் கடிதம் தட்டச்சிடலும் அட்டவணை அமைத்தலுமே கணனிக் கல்வியாயின. 2012 ஜனவரியில் றோயல் கழகம் வெளியிட்ட அறிக்கை இந்நிலையைக் கண்டித்தது. 2012 பெப்ரவரி 29 இல், முந்திய கணனிகள் தந்த வாய்ப்பை மீளத் தரும் நோக்குடன், கேம்பிரிட்ஜைச் சேர்ந்தோர் ராஸ்ப்பெரி பை என்னும் மலிவான கணனியை வெளியிட்டு, பிபிசி மைக்ரோவைப் பின்பற்றி அதன் வகைகளுக்கு ஏ, பி எனப் பெயரிட்டனர். 2014 செப்ரெம்பரில் இங்கிலாந்துப் பாடத்திட்டத்தில் 5 வயது முதலே செய்நிரல் ஆக்கம் இடம்பெற்றது. கேர்ட்ஸ் 2024 நவம்பரிற் காலமானார். கெமனி 1992 இலேயே மறைந்துவிட்டார்.

பழைய கைந்நூல்களும் சஞ்சிகைகளும் இன்று பெரும்பாலும் மின்படிகளாகக் கிடைக்கின்றன. அஸ்போண் தனது நூல்கள் சிலவற்றை இலவசமாகவே வெளியிட்டுள்ளது. ஆனால் இவை யாவும் அச்சிட்டோரின் பாடங்கள். வாசகர் தட்டச்சிட்டுத் திருத்தி, தமது கணனிக்கேற்ப மாற்றி, நாடாவிற் பதிந்த பாடங்கள் தனி வீடுகளிற் கிடக்கின்றன. காந்தப் பூச்சு உதிர்ந்து வருவதால் அவற்றைப் படியெடுப்பதற்குரிய காலம் குறுகியது. அழுங்குகள் செய்நிரலின் அச்சுப் பிரதியில் நான்கு உயிர்களே உள. எட்டாவது முதல் நூறாவது வரையுள்ள இடங்களில் அவ்வக் குடும்பத்துப் பிள்ளைகள் எவற்றை எழுதினர் என்பதை அறிய அந்நாடாக்களைத் தவிர வேறு சான்றில்லை.